பிற்பாட்டே முதற்பாடம்: மன்னார்க் கூத்தும் பள்ளிக் களப்பயிற்சியும்

மன்னார்த் தீவிலும் அதன் எதிர்க்கரையான மாதோட்டத்திலும் கத்தோலிக்க ஊர்கள் தலைமுறை தலைமுறையாக ஆடிவந்த கூத்துக்கு மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என இரு பாங்குகள் உண்டு. இரவுகள் பல நீளும் ஆக்கம் நாடகம் எனவும், ஓரிரவில் முடிவது வாசாப்பு எனவும் வழங்கின. இவற்றின் எழுத்து வடிவம் நமக்குக் கிடைப்பதற்குப் பேராசிரியர் சு. வித்தியானந்தனே பெரிதும் காரணம். அவர் பதிப்பித்த எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம் 1964இலும், மூவிராசர் நாடகம் 1966இலும், ஞானசவுந்தரி நாடகம் 1967இலும் வெளிவந்தன. ஆயினும் இப்பனுவல்களை ஒரு மாணவர் தனியே வாசித்து நாடகமாக அறிந்துகொள்ள இயலாது. பாட்டின் தலையில் விருத்தம், தரு, கொச்சகம் என்று பெயர் இருக்கும். அதன் மெட்டு அச்சில் இருக்காது. மெட்டு, கூத்தைப் பயிற்றுவிக்கும் ஆசானான அண்ணாவியாரின் தொண்டையில் இருக்கிறது. ஆகவே பள்ளிக்குள் கூத்தைக் கொண்டுவருவோர் பனுவலோடு அண்ணாவியாரின் கற்பித்தல் முறையையும் கொண்டுவர வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அந்த முறையைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். அண்ணாவியார் தருவின் ஓரடியைப் பாடுகிறார். கூத்தர் அதைத் திருப்பிப் பாடுகிறார். அடி முடியும் இடத்தில் பிற்பாட்டுக்காரர் அதை ஏந்திக்கொள்கின்றனர். மத்தளமும் சல்லாரியும் அதற்குள் புகுந்து கால எல்லையை வகுக்கின்றன. பாத்திரம் ஏற்றவர் மூச்சு வாங்கவும் அடுத்த அடியை நினைவுகூரவும் பிற்பாட்டு இடம் தருகிறது. கல்வி நோக்கில் இதன் மதிப்பு இன்னும் பெரிது. குரல்வளம் குறைந்தவர், கூச்சப்படுபவர், எழுத்துக்கூட்டி வாசிக்கச் சிரமப்படுபவர் எல்லாரும் பிற்பாட்டில் முதல் நாளே சேர்ந்துகொள்ளலாம். பல நாள் பிறருடைய அடியை ஏந்திப் பாடியவர் தாமறியாமலே முழுப் பனுவலையும் மனத்தில் ஏற்றிக்கொள்கிறார். பிறகு பாத்திரம் ஏற்கிறார். கேட்டல், சேர்ந்து பாடல், தனித்துப் பாடல், ஆடல் என்று படியேறும் இந்த ஒழுங்குக்கு நிகரான ஒன்றை நமது இலக்கிய வகுப்பறை இன்னும் கண்டடையவில்லை.

இன்று மாணவர் கூத்தைச் சந்திக்கும் வழிகள் பெரும்பாலும் இரண்டு. ஒன்று, க.பொ.த. உயர்தர வகுப்பின் ‘நாடகமும் அரங்கியலும்’ பாடம். மற்றது, தமிழ்த் தினப் போட்டி. பள்ளிகளில் கூத்து அற்றுப்போகாமல் காத்ததில் போட்டிக்குப் பெரும் பங்குண்டு. அதை மறுப்பது நன்றியின்மை. ஆனால் போட்டியின் இயல்பே தேர்ந்தெடுத்தல். நல்ல குரல் கொண்ட சிலர் மேடையேறுவர், மற்றவர் பார்வையாளராவர். குறித்த நிமிடங்களுக்குள் முடிய வேண்டியிருப்பதால் வரவும் போரும் மிஞ்சும். புலம்பலும் தர்க்கமும் வெட்டுப்படும். பாடத்திட்டமோ கூத்தின் உறுப்புகளைப் பெயர் பெயராக மனனம் செய்யவைக்கிறது. இரண்டிலும் விடுபடுவது பிற்பாட்டுக்காரரின் இடம்.

காலம் போதாது என்பதே இவ்வாதத்துக்கு எதிராக முதலில் எழும் தடை. பரீட்சை நெருக்கும் ஆண்டில் விடிய விடிய ஆடும் நாடகத்தை எப்படிப் பயில்வது? வித்தியானந்தன் பேராதனையில் எதிர்கொண்டதும் இதே கேள்விதான். வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரைக் கொண்டு பல்கலைக்கழக மாணவர்க்குக் கூத்தைப் பயிற்றி, கர்ணன் போர் (1962), இராவணேசன் (1964) முதலியவற்றை நவீன மேடைக்கேற்பச் சுருக்கி அளித்தார். சுருங்கியது மேடைக் காலம். அண்ணாவியாரிடம் அமர்ந்து கற்ற காலத்தை அவர் சுருக்கிவிடவில்லை. பள்ளிகள் அவரிடமிருந்து சுருக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டன என்பதே என் மதிப்பீடு. ஒரு தவணையில் ஒரே ஒரு காட்சியை, அதன் எல்லாத் தருக்களோடும், வகுப்பு முழுவதும் பாடக் கற்பது நடக்கக்கூடிய காரியம்.

கூத்தின் விழுமியங்கள் பழையவை, அரசரும் கொலுவும் இன்றைய பிள்ளைக்கு எதற்கு என்பது அடுத்த மறுப்பு. ஞானசவுந்தரி கதையை எடுத்துக்கொள்வோம். மாற்றாந்தாயின் சூழ்ச்சியால் காட்டுக்கு அனுப்பப்பட்டு, இரு கைகளும் வெட்டப்பட்டு, பின்னர் தேவமாதாவின் அருளால் கைகளை மீளப் பெறும் பெண்ணின் கதை அது; கை இழந்த பெண்ணின் கதைகள் ஐரோப்பாவிலும் பரவலாக உண்டு. களப்பயிற்சியில் இந்தப் பாத்திரத்தை ஏற்கும் மாணவி கையசைவு எதுவுமின்றி, குரலாலும் நடையாலும் மட்டுமே துயரைச் சொல்லியாக வேண்டும். அந்தக் கட்டுப்பாடே நடிப்புக் கலையின் பெரும் பாடம். புலம்பல் முடிந்ததும், இந்தக் கொடுமை நடந்தபோது அரசன் எங்கே இருந்தான் என்று வகுப்பு கேட்கத் தொடங்கும். பழைய விழுமியம் விசாரணைக்கு உள்ளாவது அந்த இடத்தில்தான். பனுவலை ஒதுக்கிவைத்தால் விசாரணையும் இல்லை. குழந்தை ம. சண்முகலிங்கம் 1978இல் தொடங்கிய நாடக அரங்கக் கல்லூரியின் களப்பயிற்சி மரபு, பிள்ளைகளை விளையாட்டின் வழியே அரங்குக்குள் அழைத்துவந்து சிந்திக்கவைக்க முடியும் என்று காட்டியிருக்கிறது. அண்ணாவியாரின் செவிவழிப் பயிற்சியும் இந்த விசாரணை மரபும் மன்னாரில் கைகோக்க வேண்டும்.

கடினமான மறுப்பு மதம் பற்றியது. முஸ்லிம் ஊர்களான எருக்கலம்பிட்டியும் தாராபுரமும் இதே தீவில்தான் இருக்கின்றன. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டு, நெடுங்காலம் கழித்துத் திரும்பிய முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகளும், திருக்கேதீச்சரச் சூழலில் வளரும் சைவப் பிள்ளைகளும் கத்தோலிக்கக் கூத்தை ஏன் தமதாகக் கொள்ள வேண்டும்? இதை எளிதில் தள்ளிவிட முடியாது. வழிபாட்டுப் பாடலைப் பாடும்படி எந்த மாணவரையும் வற்புறுத்தலாகாது. பேசாலையில் கிறிஸ்துவின் பாடுகளை உருவங்களைக் கொண்டு நிகழ்த்தும் உடக்குப் பாஸைப் பார்க்க அழைத்துச் செல்வதும் விருப்பத்தின்பேரிலேயே அமைய வேண்டும். ஆனால் கூத்தின் வடிவம் ஒரு மதத்துக்குள் அடைபட்டதன்று. சிங்கள நாடகம என்னும் வடிவம் தமிழ்க் கத்தோலிக்கக் கூத்திலிருந்து கிளைத்தது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து; அந்த நாடகமவிலிருந்தே எதிரிவீர சரச்சந்திர 1956இல் மனமே என்னும் பௌத்த ஜாதகக் கதை நாடகத்தை உருவாக்கினார். மேற்குக் கரையின் பாட்டு வடிவம் மொழியையும் சமயத்தையும் கடந்து சென்றிருக்கும்போது, எருக்கலம்பிட்டி மாணவர் தம் ஊர்க் கதை ஒன்றைத் தருவாக இயற்றுவதற்குத் தடை என்ன? முருங்கனில் குழந்தை செ. செபமாலை மரபுக் கூத்தைப் புதிய கருப்பொருள்களுக்குப் பயன்படுத்திய முன்மாதிரியும் அருகிலேயே இருக்கிறது.

இதற்கு வேண்டிய மாற்றங்கள் நிர்வாகம் சார்ந்தவை. அண்ணாவியார் ஒருவர் பள்ளிக்குள் வந்து கற்பிக்க, சான்றிதழ் கேட்காமல் ஊதியம் வழங்கும் ஏற்பாடு வலயக் கல்வி அலுவலகத்திடம் இருக்க வேண்டும். மாணவர் பாடும் தருக்களை ஒலிப்பதிவு செய்து பள்ளி நூலகத்தில் அச்சுப் பனுவலுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். போட்டி மதிப்பெண்ணில் பிற்பாட்டுக்கும் ஒரு பங்கு ஒதுக்கினால், மேடையோரம் நின்று பாடும் பிள்ளையையும் ஆசிரியர் பயிற்றுவிக்கத் தொடங்குவார்.