சவேரியார் தனியாக நடக்கவில்லை



புனித பிரான்சிஸ் சவேரியார் என்றதும் நம் கண்முன் வருவது, கையில் சிலுவை ஏந்திக் கடற்கரையில் தனியாக நடக்கும் ஒரு துறவி. படங்களிலும் சுரூபங்களிலும் அப்படித்தான் பார்த்துப் பழகியிருக்கிறோம். ஆனால் அவர் எழுதிய கடிதங்களை வாசித்தால், அவரைச் சுற்றி எத்தனையோ பேர் நிற்பது தெரிகிறது. அவர்களை இன்று நினைவுகூர்வோம்.

1542 ஆம் ஆண்டு மே மாதம் கோவாவில் வந்து இறங்கிய சவேரியார், அதே ஆண்டின் பிற்பகுதியில் முத்துக்குளித்துறைக்கு வந்தார். இங்குள்ள பரதவ மக்கள் சில ஆண்டுகளுக்கு முன்பே திருமுழுக்குப் பெற்றிருந்தார்கள். ஆனால் அவர்களுடைய மொழியில் மறையைக் கற்றுக்கொடுக்க ஆள் இல்லை. சவேரியாருக்கும் தமிழ் தெரியாது. இரு மொழியும் ஓரளவு அறிந்தவர்கள் அவரோடு உட்கார்ந்து, பல நாள் பாடுபட்டு, செபங்களைத் தமிழாக்கினார்கள். அவற்றை மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியோடு அவர் தெருவில் இறங்கினார்.

அந்தத் தமிழாக்கத்தில் ஒரு பிழை இருந்தது. விசுவாசப் பிரமாணத்தில் ‘விசுவசிக்கிறேன்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘எனக்கு வேண்டும்’ என்று இருந்தது. 1544 இல், உடன் உழைத்த மான்சிலாஸுக்கு எழுதிய கடிதத்தில் சவேரியார் அதைத் திருத்தச் சொல்கிறார். தமிழ் நன்கு அறிந்த யாரோ ஒருவர் எடுத்துச் சொல்லித்தான் அது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஒருவர் ‘நமக்கென்ன’ என்று இருந்திருந்தால்? ஊர் ஊராக மக்கள், விசுவாசத்தை அறிக்கையிடுவதாக எண்ணிக்கொண்டு, வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். நம் செபமும் பல நேரம் ‘எனக்கு வேண்டும்’ என்பதோடு நின்றுவிடுகிறதல்லவா?

நோயாளிகளைப் பார்க்கச் சொல்லி எல்லா ஊர்களிலிருந்தும் அழைப்பு வந்தது. ஒரே ஆள் எத்தனை வீட்டுக்குப் போக முடியும்? சவேரியார் சிறுவர்களை அனுப்பினார். அவர்கள் வீட்டாரையும் அக்கம்பக்கத்தாரையும் கூட்டி, நோயாளியின் அருகில் நின்று செபித்தார்கள். தாங்கள் கற்றதைப் பெற்றோருக்கும் கற்றுக்கொடுத்தார்கள்.

திருமுழுக்குக் கொடுத்துக் கொடுத்துக் கை சோர்ந்துபோவதாக எழுதிய அதே சவேரியார், ஓர் ஊரை விட்டுப் போகும்போது செபம் சொல்லிக்கொடுக்க ஒருவரை நியமித்துவிட்டே போனார். கணக்கப்பிள்ளை என்றும் உபதேசியார் என்றும் நாம் அழைத்தவர்கள் இவர்கள்தான். அவர் மலாக்காவுக்கும் ஜப்பானுக்கும் போய், 1552 டிசம்பர் 3 அன்று சீனக் கரையருகே ஒரு தீவில் கண்மூடினார். அவர் இல்லாத அந்த ஆண்டுகளில் இங்கே மணி அடித்ததும், பிள்ளைகளைக் கூட்டியதும் யார்?

திருஅவையும் இதை அறிந்திருக்கிறது. 1927 இல் திருத்தந்தை பதினோராம் பயஸ், உலகைச் சுற்றிய சவேரியாரோடு, கார்மேல் மடத்துக்குள்ளிருந்தே மறைப்பணிக்காகச் செபித்த குழந்தை தெரசாவையும் மறைபரப்பு நாடுகளின் பாதுகாவலராக அறிவித்தார்.

எனவே, ‘நான் என்ன பெரிதாகச் செய்துவிடப் போகிறேன்’ என்று நம்மில் யாரும் சொல்ல வேண்டாம். கோவிலைக் கூட்டுகிறவரும், மறைக்கல்வி நடத்தும் ஆசிரியையும், அன்பியக் கூட்டத்துக்குப் பாய் விரிக்கிறவரும், படுத்த படுக்கையில் செபமாலை சொல்லும் பாட்டியும் இந்தப் பணியில் பங்காளிகளே. இந்த வாரம் நம் தெருவில் நோயுற்றிருக்கும் ஒருவர் வீட்டுக்கு, நம் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்ச் செபிப்போம். அந்த நாள் சிறுவர்கள் செய்தது நம்மாலும் முடியும். ஆமென்.