15 வாட்ஸும் 1,800 வாட்ஸும்

போன மாசம் பக்கத்துத் தெருவில் ஒரு கராஜ் சேல். (நான் இப்ப குப்பை கொட்டுவது அமெரிக்காவில், ஒஹாயோ பக்கம்.) பழைய டென்னிஸ் மட்டை, குழந்தைங்க சைக்கிள் இதுக்கெல்லாம் நடுவில் ஒரு ஸ்டீரியோ ரிசீவர் உட்கார்ந்திருந்தது. பயனியர் எஸ்எக்ஸ்-450. எழுபதுகளின் பின்பாதியில் வந்த மாடல். தாத்தா 40 டாலர்னு சொன்னார். பேரம் பேசலாம்னு வாயைத் திறந்தவன், தூக்கிப் பார்த்ததும் மூடிக்கிட்டேன். இந்தச் சைஸுக்கு இவ்வளவு கனமா!

வீட்டுக்கு வந்ததும் ரூம்மேட் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை வாட்ஸ்?" சேனலுக்கு 15 என்றேன். விழுந்து விழுந்து சிரிச்சான். அவன்கிட்ட இருக்கிற ப்ளூடூத் டப்பாவே 30 வாட்ஸாம். அவனுக்குச் சொன்ன கதையைத்தான் இங்கேயும் எழுதறேன்.

ரிசீவர் என்பது ரேடியோ ட்யூனரும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே பெட்டியில் இருக்கிற சமாச்சாரம். ஸ்பீக்கர் தனியா வாங்கி மாட்டிக்கணும். அமெரிக்காவில் 1961-ல் எஃப்.எம். ஸ்டீரியோ ஒலிபரப்புக்கு அனுமதி கிடைச்சது. ஸ்டீரியோ இசைத்தட்டுகள் அதுக்குக் கொஞ்சம் முன்னாடியே கடைக்கு வந்தாச்சு. ரெண்டையும் கேட்க ஒரு பெட்டி வேணும்னு ஜனங்க கடைக்குப் போனாங்க. எலெக்ட்ரானிக்ஸ் தெரியாதவன் கடையில் எதை வெச்சு ஒப்பிடுவான்? விலை ஒண்ணு, வாட்ஸ் ஒண்ணு. விலையில் பொய் சொல்ல முடியாது. வாட்ஸில் சொல்லலாம்.

எப்படின்னு கேளுங்க. நிஜத்தில் சேனலுக்கு 10 வாட்ஸ் தரும் ஒரு ஆம்ப்ளிஃபயர் இருக்குன்னு வெச்சுக்குவோம். ரெண்டு சேனலையும் கூட்டினா 20. சராசரிக்குப் பதிலா உச்சத்தைச் சொன்னா 40. எட்டு ஓம் ஸ்பீக்கருக்குப் பதிலா நாலு ஓம் வெச்சு அளந்தா இன்னும் ஏறும். ஒலி கரகரன்னு சிதையும் வரைக்கும் முறுக்கினா இன்னும் கொஞ்சம். ஒரு சேனலை மட்டும் ஓட்டி அளந்தா இன்னும் கொஞ்சம். இதெல்லாம் போதாதுன்னு 'ம்யூசிக் பவர்' என்று ஒரு அளவு. பவர் சப்ளை தொய்யவே தொய்யாதுன்னு பாவனை செஞ்சுக்கிட்டு, கண நேரத்துக்கு எவ்வளவு வருதுன்னு பார்ப்பாங்க. அப்புறம் 'கூட்டியோ குறைச்சோ 1 டெசிபல்' என்று பொடி எழுத்தில் ஒரு வால். 1 டெசிபல் குறைஞ்சா 100 வாட்ஸ் 79 ஆயிடும், யாருக்குத் தெரியப் போகுது? இப்படியே போனா நம்ம 10 வாட்ஸ் பெட்டி மேல 100-னு ஒட்ட ரொம்ப நேரம் ஆகாது.

அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் 1974-ல் ஒரு விதி போட்டது, நவம்பரில் அமலுக்கு வந்தது. வீட்டு ஆம்ப்ளிஃபயருக்கு வாட்ஸ் விளம்பரம் பண்ணினா, ரெண்டு சேனலும் ஒண்ணா ஓடும்போது, தொடர்ச்சியா எத்தனை வாட்ஸ், எத்தனை ஓம் ஸ்பீக்கருக்கு, எந்த ஹெர்ட்ஸிலிருந்து எந்த ஹெர்ட்ஸ் வரை, எத்தனை சதவீதச் சிதைவோடு என்று எல்லாத்தையும் சேர்த்துச் சொல்லணும். இதில் எனக்குப் பிடிச்ச ஷரத்து ஒண்ணு அப்போ இருந்தது. அளக்கும் முன்னாடி, சொல்லுகிற பவரில் மூணில் ஒரு பங்கை ஒரு மணி நேரம் விடாம ஓட்டணும்னு இருந்தது. பரீட்சைக்கு முன்னாடி வெயில்ல ஓடவிடற மாதிரி!

ஏன் மூணில் ஒரு பங்கு? அந்தக் காலத்து ட்ரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் முழு பவரில் ஓடும்போதை விட ஏறக்குறைய இந்த அளவில்தான் அதிகமாச் சூடாகும். கம்பெனிக்காரங்க புலம்பித் தள்ளினாங்க. சொன்ன வாட்ஸுக்கு ஒரு மணி நேரம் கருகாம நிக்கணும்னா பெரிய ட்ரான்ஸ்ஃபார்மர் வேணும், தடியான ஹீட்சிங்க் வேணும். கராஜ் சேலில் நான் தூக்கின கனம் அதுதான்.

விதி வந்த பிறகும் போட்டி நிக்கலை. பெரிய எண்ணைப் போடணும்னா நிஜமாவே பெரிய பெட்டி செய்யணும்னு ஆச்சு, அவ்வளவுதான். பயனியரே 1976-ல் சேனலுக்கு 160 வாட்ஸ் எஸ்எக்ஸ்-1250, 1978-ல் 270 வாட்ஸ் எஸ்எக்ஸ்-1980 என்று இறங்கிட்டாங்க. பின்னது 35 கிலோ சொச்சம், 1,295 டாலர். என்னோடது அந்தக் குடும்பத்தின் கடைக்குட்டி. ஆனா 15 வாட்ஸ், 8 ஓம், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, சிதைவு 0.5 சதவீதத்துக்கு மேல போகாதுன்னு பெரியண்ணன் மாதிரியே எழுதிக் கொடுத்த கடைக்குட்டி. காசு கம்மியா இருக்கிறவனுக்கும் அதே தராசு.

சரி, 15 போதுமா? வாட்ஸ் இரட்டிப்பானா 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு ரெண்டு மடங்கு சத்தமாத் தெரிய ஏறக்குறைய பத்து மடங்கு வாட்ஸ் வேணும். ஹாலில் உட்கார்ந்து சாதாரணமாப் பாட்டு கேட்க ஒரு வாட்டுக்கு மேல தேவைப்படுவது அபூர்வம். 1978-ல் வந்த என்.ஏ.டி. 3020 ஆம்ப்ளிஃபயர் வெறும் 20 வாட்ஸ்தான். விலை குறைஞ்ச நல்ல ஆம்ப்ளிஃபயர்னா இன்னிக்கும் அதைத்தான் முதலில் சொல்லுவாங்க. அதோட ட்யூனர் சேர்த்து 7020 என்று ரிசீவராகவும் வித்தாங்க.

அப்புறம் ஹோம் தியேட்டர் வந்தது, அஞ்சு சேனல், ஏழு சேனல். பழைய விதி ரெண்டு சேனலை மனசில் வெச்சு எழுதினது. மறுபடியும் 6 ஓம், 1,000 ஹெர்ட்ஸ் மட்டும், 10 சதவீதச் சிதைவு என்று பழைய வித்தைகள் தலைகாட்ட ஆரம்பிச்சது. 2024-ல் விதியைத் திருத்தி 8 ஓம், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ், 1 சதவீதத்துக்குக் கீழே சிதைவு என்று அடிச்சு வெச்சிருக்காங்க. ஐம்பது வருஷம் ஆயிருக்கு.

நம்ம ஊர்ல இந்த வித்தைக்குப் பேரு பிஎம்பிஓ. நான் மூணாவது படிக்கும்போது அப்பா தீபாவளி போனஸில் ஒரு ஸ்பீக்கர் செட் வாங்கிட்டு வந்தார். முன்னாடி தங்கக் கலரில் '1,800 வாட்ஸ் பிஎம்பிஓ' ஸ்டிக்கர். கடைக்காரர் எதிர்வீட்டுச் செட்டை விட மூணு மடங்குன்னு சொன்னாராம். தெருவே வந்து பார்த்தது. பாதிக்கு மேல வால்யூம் வெச்சா கொர்ருனு ஒரு சத்தம் வரும், அது கேசட் கோளாறுன்னு அப்பா சொல்லுவார்.

காலேஜ் ரெண்டாம் வருஷ லீவில் தூசி தட்டும்போது அதைத் திருப்பிப் பார்த்தேன். பின்னாடி பொடி எழுத்தில்: 230 வோல்ட்ஸ், 25 வாட்ஸ். உள்ளே போறதே 25! நிஜமாவே 1,800 வாட்ஸ் இழுத்தா ஏறக்குறைய 8 ஆம்பியர், பெரிய ப்ளக் வேணும். இதுல இருந்தது ரேடியோவுக்குப் போடற ரெண்டு முள் ப்ளக். திருப்பின மாதிரியே திருப்பி வெச்சுட்டேன்.

எஸ்எக்ஸ்-450-க்கு கான்டாக்ட் கிளீனர் அடிச்சு, வால்யூம் குமிழைப் பத்து தடவை திருகினதும் கரகரப்பு போயிடுச்சு. போன ஞாயித்துக்கிழமை வீடியோ காலில் காட்டினேன். ட்யூனிங் விளக்கு எரியறதைப் பார்த்து அப்பாவுக்கு ஒரே சந்தோஷம்.

"எத்தனை வாட்ஸ்டா?"

"15-ப்பா."

"பதினஞ்சா! நம்ம வீட்ல இருக்கிறது ஆயிரத்து எண்ணூறு. அதை எடுத்துட்டுப் போயிருக்கலாமே நீ."

"அடுத்த தடவை வரும்போது எடுத்துக்கறேன்ப்பா" என்றேன்.