வறுமை ஒழிப்புத் திட்டங்களும் கைக்குழந்தைகளும்

1. கேள்வி

ஏழைக் குடும்பத்துக்கு அரசு உதவித்தொகை கொடுத்தால் அந்த வீட்டுக் கைக்குழந்தை நன்றாக வளருமா? எடையும் உயரமும் மட்டும் வளர்ச்சி ஆகா. சொல் முளைப்பது, பொருளைக் கண்டு பெயர் சொல்வது, புது முகத்தைக் கண்டு மிரளாமல் நிற்பது எல்லாம் வளர்ச்சிதான். வீட்டு வாசல் வரை வந்த பணம் தொட்டில் வரை எப்படிப் போகிறது என்பதே என் கேள்வி.

2. வீட்டுக்கு வந்த பணம்

மெக்சிகோ அரசு 1997இல் ‘புரோகிரேசா’ திட்டத்தைத் தொடங்கியது. தாயின் கையில் உதவித்தொகை. அதற்கு ஈடாகப் பிள்ளைகளைப் பள்ளிக்கும் சுகாதார நிலையத்துக்கும் அனுப்ப வேண்டும். ஆய்வுக்கு எடுத்த 506 கிராமங்களில் 320 முதலிலும் 186 பின்னரும் சேர்க்கப்பட்டதால் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. மிக ஏழை வீடுகளில், ஆறு மாதம் நிறையுமுன் திட்டத்துக்குள் வந்த குழந்தைகள் 1.1 சென்டிமீட்டர் கூடுதலாக வளர்ந்திருந்தனர். அந்த வயதில் இழந்த உயரம் பிறகு எளிதில் திரும்பாது என்பதால் இதைச் சின்ன எண் என்று தள்ள முடியாது. குழந்தைக்கென்று கொடுத்த சத்துமாவை வீட்டிலிருந்த மற்றவர்களும் குடித்தார்கள். இதைத் தாய்மாரின் குறையாகச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. மூத்தது பசியோடு பார்த்துக்கொண்டிருக்க, இளையதுக்கு மட்டும் ஊட்ட எந்தத் தாய்க்கு மனம் வரும்?

நிகரகுவா இன்னும் நெருங்கிப் பார்க்க வேண்டிய இடம். அங்கே வறட்சி பாதித்த வடமேற்குப் பகுதியில் 2005-06இல் ஓராண்டு மட்டும் ஒரு சோதனைத் திட்டம் நடந்தது. அதை ஆராய்ந்தவர்கள் கேரன் மக்கூர்ஸ், நார்பர்ட் ஷேடி, ரெனோஸ் வாக்கிஸ் ஆகிய மூவர். பணம் வாங்கிய வீடுகளில் காய், பழம், இறைச்சி கூடின. பிள்ளைக்குக் கதை சொல்வது கூடியது. காகிதமும் பென்சிலும் வந்து சேர்ந்தன. திட்டம் முடிந்து இரண்டாண்டு ஆன பின்னும் குழந்தைகளின் முன்னேற்றம் கரையவில்லை. பலன் சிறியதுதான். ஆனால் வருமானக் கூடுதல் ஒன்றை மட்டும் வைத்து அதை விளக்க முடியவில்லை. பணம் தாயிடம் போனது, பிள்ளையின் சாப்பாட்டுக்கு என்று சொல்லிக் கொடுக்கப்பட்டது. குடும்பத்தின் நடப்பு மாறியதற்கு இவை காரணமாக இருக்க வேண்டும் என்று கருதுகிறேன்.

3. வாரம் ஒரு மணி நேரம்

ஜமைக்காவில் நடந்தது பண உதவித் திட்டம் அன்று. ஆனாலும் இங்கே அதை விட்டுவிட முடியாது. கிங்ஸ்டன் நகரின் ஏழைப் பகுதிகளில் 1986-87இல் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளைச் சாலி கிரந்தம்-மெக்கிரகர் குழுவினர் ஓர் ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்தனர். எல்லாம் 9 முதல் 24 மாதக் குழந்தைகள். சிலருக்குப் பால்மாவு; சிலர் வீட்டுக்குச் சுகாதாரப் பணியாளர் வாரம் ஒரு மணி நேரம் வந்தார்; சிலருக்கு இரண்டும்; சிலருக்கு எதுவுமில்லை. வந்தவர் கொண்டுவந்தவை வீட்டில் கிடைக்கும் பொருள்களால் செய்த பொம்மைகள். குழந்தையோடு எப்படி விளையாடுவது, எப்படிப் பேசுவது என்று அவர் தாய்க்குக் காட்டிக்கொடுத்தார். இரண்டாண்டில் வேலை முடிந்தது. இருபதாண்டு கழித்துப் பார்த்தபோது, அப்படிப் பணியாளர் வந்துபோன வீட்டுப் பிள்ளைகள் மற்றவர்களைவிட 25 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். பால்மாவு மட்டும் பெற்றவர்களிடம் அதன் பலன் நிலைக்கவில்லை.

4. தாயின் நேரம்

கூலி தரும் திட்டம் தாயை வீட்டிலிருந்து வெளியே அழைக்கிறது. இந்தியாவில் நூறு நாள் வேலைக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டம் இதை உணர்ந்திருந்தது: பணித்தளத்துக்குத் தாய்மாரோடு வரும் சிறுபிள்ளைகள் ஐவரோ அதற்கு மேலோ இருந்தால், வேலைக்கு வந்த பெண்களில் ஒருவரை அவர்களைப் பார்த்துக்கொள்ள அமர்த்தி, அவருக்கும் கூலி தர வேண்டும் என்றது. குழந்தை பார்ப்பதும் வேலை என்று எழுதிவைத்த அந்த விதியை நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஓர் ஏரி வேலையில் பார்த்தேன். வேப்பமரக் கிளையில் இரண்டு தூளிகள். கீழே ஆறேழு பிள்ளைகள். நடுவில் ஒரு பாட்டி. இரண்டு வயதுச் சிறுமி புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாகக் கொட்டாங்குச்சியில் போட, பாட்டி எண்ணினார். “ஒண்ணு… ரெண்டு… அடுத்தது என்னடி?” சிறுமி யோசித்து, “ணு” என்றாள். “ஆமா, மூணு!” என்று பாட்டி கையைத் தட்டினார். வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று கேட்டேன்.

“எனக்கெதுக்குப்பா? மருமகதான் மண்ணு வெட்டுறா. நான் சும்மாதானே ஒக்காந்திருக்கேன்.”