கடனைக் கடனால் வகுத்த மகாவீராசாரியர்

மகாவீரர் என்னும் திருநாமம் செவியில் விழுந்த அளவிலேயே நம் உள்ளம் இருபத்து நான்காம் தீர்த்தங்கரரை எண்ணிக் கைகூப்பும். அத்திருப்பெயர் தாங்கிய பிறிதொரு பெரியாரும் நம் சமயத்தில் தோன்றினார். பகவான் நிர்வாணம் எய்தி ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் சென்றபின், கி.பி. 9ஆம் நூற்றாண்டில், கணிதசாரசங்கிரகம் என்னும் வடமொழிக் கணித நூலை இயற்றிய மகாவீராசாரியரே அவர். இருவரையும் ஒருவராகவே கொண்டு விழா மேடைகளில் பேசுவாரும் உளர், அது பிழை.

சென்ற கோடை விடுமுறையில் ஏழாம் வகுப்புப் பயிலும் என் பெயரன், "தாத்தா, குறை எண்ணைக் குறை எண்ணால் வகுத்தால் மிகை எண் வரும் என்கிறார்களே, ஏன்?" என்று வினவினான். தமிழ் கற்பித்தே ஓய்வு பெற்ற எனக்கு, "அது விதி" என்பதற்கு மேல் விடை தோன்றவில்லை. அவ்வெட்கமே என்னை ஆசாரியரின் நூலிடம் கொண்டு சென்றது.

இந்நூல் அச்சேறியது நம் சென்னையில்தான். மாநிலக் கல்லூரிப் பேராசிரியராகவும் அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தின் பொறுப்பாளராகவும் விளங்கிய எம். ரங்காசாரியர், சுவடிகளை ஒப்புநோக்கி, ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1912இல் பதிப்பித்தார். மானியகேடத்தைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷ நிருபதுங்கனின் காலத்தது இந்நூல். ஆதிபுராணம் பாடிய ஜினசேனாசாரியரைக் குருவாகப் போற்றியவன் அம்மன்னன். எண்ணறிவை ஒளிவிளக்காகக் கொண்டு உலகனைத்தையும் விளக்கியவர் என்று ஜினேந்திரரை வணங்கியே ஆசாரியர் நூலைத் தொடங்குகிறார். உலகின் அளவையும் காலத்தின் அளவையும் எண்ணிக் காட்டும் கரணானுயோகத்தை ஆகமத்தின் ஒரு பிரிவாகவே கொண்ட சமயத்தார்க்கு இத்தொடக்கம் வியப்பன்று.

வகுத்தலுக்கு அவர் கூறும் முறை எளியது. வகுபடும் எண்ணின் கீழ் வகுக்கும் எண்ணை எழுதி, இரண்டிற்கும் பொதுவான காரணிகளை நீக்கியபின் வகுக்க வேண்டும். 8192 தீனாரங்களை 64 பேருக்குப் பங்கிட்டால் ஒருவர் பங்கு என்ன என்பது அவர் தரும் கணக்கு. இரண்டையும் எட்டால் சுருக்கினால் 1024, 8 என்றாகும், விடை 128. தாளும் எழுதுகோலும் இன்றியே முடித்துவிடலாம்.

மிகை எண்ணை அவர் தனம் என்கிறார். குறை எண்ணை ருணம், அதாவது கடன், என்கிறார். தனத்தைத் தனத்தால் வகுப்பினும் ருணத்தை ருணத்தால் வகுப்பினும் ஈவு தனமே. ஒன்று தனமும் மற்றொன்று ருணமும் ஆயின் ஈவு ருணம். பெருக்கலுக்கும் இதுவே விதி. சூத்திரம் விதியை மட்டும் கூறும்; காரணத்தை விளக்குதல் ஆசிரியர் கடன்.

பெயரனுக்கு நான் அந்தச் சொற்களைக் கொண்டே விளக்கினேன். தந்தை வைத்துச் சென்ற 12 ரூபாய்க் கடனை மக்கள் மூவர் பங்கிட்டால் ஆளுக்கு 4 ரூபாய்க் கடன். தனமாகிய மூன்றால் ருணத்தை வகுத்தோம், ருணமே வந்தது. இனி, ஒருவனுக்கு உள்ள 12 ரூபாய்க் கடன் மும்மூன்று ரூபாய்க் கடன்களாகச் சேர்ந்தது எனின், அவன் எத்தனை முறை கடன் வாங்கினான்? நான்கு முறை. அந்த நான்கு கடன் அன்று, எண்ணிக்கை, ஆகவே தனம். எஞ்சியது 12ஐக் குறை 3ஆல் வகுப்பது. இதற்குக் கடன் கதை எளிதில் பொருந்தாது. ஈவை வகுத்த எண்ணால் பெருக்கினால் வகுபட்ட எண் மீள வேண்டும் என்னும் சோதனையே வழி. குறை 4ஐக் குறை 3ஆல் பெருக்கினால் 12 வருகிறது. எனவே ஈவு குறை 4.

இவ்விதியை உலகிற்கு முதலில் தந்தவர் நம் ஆசாரியரே என்று பெருமை பேசுதல் கூடாது. பிரம்மகுப்தர் 628இலேயே பிரம்மஸ்புட சித்தாந்தத்தில் இதனைக் கூறிவிட்டார். சீனரும் அதற்கு முன்பே செந்நிறக் குச்சிகளால் மிகையையும் கருநிறக் குச்சிகளால் குறையையும் குறித்துக் கூட்டிக் கழித்தனர். நம்மவர் பெருமைக்காக உண்மையை மறைப்பது சத்திய விரதத்திற்கு ஒவ்வாது. மறைக்க வேண்டிய தேவையும் இல்லை. ருணத்திற்கு வர்க்கமூலம் இல்லை என்று ஆசாரியர் தெளிவாக எழுதினார். தனமாயினும் ருணமாயினும் தன்னைத் தானே பெருக்கினால் தனமே விளையும். ஆகவே ருணம் எதற்கும் வர்க்கமாகாது. இத்தெளிவு அவருடைய தனிச் சிறப்பு. 1758இல்கூட லண்டனில் பிரான்சிஸ் மசேரஸ் என்பார் குறை எண்களையே ஏற்க மறுத்து நூல் எழுதினார் என்பதையும் இங்கு நினைத்துப் பார்க்கலாம்.

ஆசாரியர் ஓரிடத்தில் தவறினார். ஓர் எண்ணைப் பூச்சியத்தால் வகுத்தால் அவ்வெண் மாறாது நிற்கும் என்றார். பங்கு கொள்வார் ஒருவரும் இல்லையெனில் பொருள் அப்படியே இருக்குமன்றோ என்று எண்ணினார் போலும். இதை எழுதலாமா என்று நான் சற்றே தயங்கினேன், என் மனைவியாரும், "ஆசாரியர் வாக்கைக் குறை சொல்லலாமா?" என்று கேட்டார். இது கணித நூல், ஆகமம் அன்று என்றேன். அவர் முழு மனத்தோடு இசைந்ததாகத் தெரியவில்லை.

பெயரனிடம் அவ்விதியை மட்டும் படித்துக் காட்டி, வேறொன்றும் சொல்லாமல் இருந்தேன். அவன் தாளில், 12ஐப் பூச்சியத்தால் வகுத்தால் 12 என்று எழுதினான், சோதனைக்காக 12ஐப் பூச்சியத்தால் பெருக்கினான், பூச்சியம் வந்தது. எந்த எண்ணையும் பூச்சியத்தால் பெருக்கினால் பூச்சியமே என்று ஆசாரியரும் அவ்விடத்திலேயே கூறியிருக்கிறார். "தாத்தா, இது திரும்ப வரவில்லையே" என்றான்.