ஜயித்தவனின் சாட்சியம்

யுத்தத்தில் ஜயித்தவன் தோற்றவனை விசாரிப்பது நியாயமா என்று நண்பர்கள் கேட்டால், நியூரம்பர்க்கில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்வேன்.

1946-இல் அங்கே குற்றவாளிக் கூண்டில் இருந்தவர்களில் ஜெர்மன் கடற்படைத் தலைவர் டோனிட்ஸும் ஒருவர். வர்த்தகக் கப்பல்களை எச்சரிக்கையின்றி நீர்மூழ்கிகளைக் கொண்டு மூழ்கடித்தார் என்பது அவர் மீதிருந்த குற்றச்சாட்டுகளில் ஒன்று. அவருடைய வக்கீல் கிரான்ஸ்பூலர் மகா கெட்டிக்காரர். பசிபிக் கடலில் அமெரிக்கா செய்தது என்ன என்று அமெரிக்கத் தளபதி நிமிட்ஸையே எழுத்து மூலம் கேட்டார். நிமிட்ஸ் மழுப்பியிருக்கலாம், மழுப்பவில்லை. ஜப்பானுடன் யுத்தம் மூண்ட முதல் நாளிலிருந்து தாங்களும் அப்படியே செய்ததாக ஒப்புக்கொண்டுவிட்டார்! கண்ட கப்பலையெல்லாம் மூழ்கடிக்கச் சொல்லி, ஸ்காகராக் ஜலசந்திக்கு 1940-இல் பிரிட்டன் இட்ட உத்தரவும் வெளிவந்தது.

டோனிட்ஸ் சட்டத்தை மீறியது மெய்தான் என்றார்கள் நீதிபதிகள். ஆனால் அதற்காகத் தண்டிக்கவில்லை. 10 ஆண்டுச் சிறை, மற்றக் குற்றங்களுக்குத்தான்.

எதிரிக்கு உதவுமென்று தெரிந்தும் உண்மை சொன்ன நிமிட்ஸுக்கு நான் தலைவணங்குகிறேன். ஆயினும் ஒன்று உறுத்துகிறது. நீயும் செய்தாய், நானும் செய்தேன் என்று இரு தரப்புக் கணக்கும் நேராகிவிட்டது. இரண்டு சமுத்திரங்களிலும் மூழ்கிப்போன மாலுமிகளின் கணக்குத்தான் நேராகவேயில்லை.