ஆவணக் கோப்புச் சுருக்கம்

ஆவணக் கோப்புச் சுருக்கம் என்பது பிடிஎப், படம் முதலிய மின்கோப்புகளின் அளவை எழுத்துத் தெளிவு கெடாமல் குறைக்கும் முறை. மலாக்காவில் ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா வட்டாரத் தோட்டக் குடும்பங்களுக்கு, பிறப்புப் பத்திரத்தையோ தாத்தா காலத்துச் செக்ரோல் (தோட்டச் சம்பளப் பதிவேடு) தாளையோ கைப்பேசியில் அனுப்பும்போது இதன் தேவை எழுகிறது.

ஏ4 தாளை அங்குலத்துக்கு 300 புள்ளி அடர்த்தியில் ஸ்கேன் செய்தால் 2480 × 3508 படப்புள்ளிகள் கிடைக்கும். சுருக்காமல் வைத்தால் வண்ணத்தில் 26 மெகாபைட், சாம்பல் நிறத்தில் 8.7, கறுப்பு வெள்ளையில் 1.1. எனவே நிறவகையைச் சரியாகத் தேர்ந்தால், பாதி வேலை ஸ்கேன் பொத்தானை அழுத்தும் முன்பே முடிந்துவிடுகிறது. முத்திரை குத்திய பத்திரத்துக்கு மட்டும் வண்ணத்தை விடக்கூடாது; கறுப்பு வெள்ளையில் நீல முத்திரையும் அதன் கீழுள்ள கையெழுத்தும் ஒரே கறையாகிவிடும்.

இழப்பில்லாச் சுருக்கம், திரும்பத் திரும்ப வருவதை ஒருமுறை மட்டும் எழுதிவைக்கிறது. 1977-இல் லெம்பலும் சிவ்வும் வகுத்த வழி இதன் அடிப்படைகளுள் ஒன்று. ஜிப், பிஎன்ஜி கோப்புகள் இவ்வகை. 1992-இல் தரப்படுத்தப்பட்ட ஜேபெக் இழப்புள்ள வகை; அது படத்தை 8 × 8 கட்டங்களாக்கிக் கண்ணுக்கு எளிதில் படாத நுணுக்கங்களைக் கழித்துவிடும். கல்யாணப் படத்துக்கு இது போதும். தமிழ் எழுத்துக்கு ஆபத்து: அளவுமீறிச் சுருக்கினால் மெய்யெழுத்தின் புள்ளி கரைந்துபோகும், ‘ர’வின் கீழ்ச்சாய்வு மங்கிக் காலாக நிற்கும். பெயரே மாறிவிடும்.

மங்கலாவது கண்ணுக்குத் தெரியும். கறுப்பு வெள்ளைப் படங்களுக்கான ஜேபிக்2 முறையின் இழப்புள்ள வகை இன்னும் பொல்லாதது. ஒத்த வடிவங்களை ஒன்றெனக் கொண்டு ஒரே அச்சை எல்லா இடத்திலும் ஒட்டும். 2013-இல் ஜெர்மானியர் டேவிட் கிரீசல், சில ஜெராக்ஸ் இயந்திரங்கள் 6-ஐ 8 ஆக்குவதை வெளிப்படுத்தினார். எண் பளிச்சென்று தெரியும், ஆனால் தப்பாக இருக்கும். ரப்பர் பால் நிறுவையும் சம்பளமும் எழுதிய செக்ரோலுக்கு இம்முறை உதவாது.

புலனத்தில் (வாட்ஸ்அப்) படமாக அனுப்பினால் செயலியே சுருக்கிவிடும். ‘ஆவணம்’ என்று தேர்ந்து அனுப்பினால் கோப்பு உள்ளபடியே போய்ச் சேரும்.

தட்டச்சு செய்த கடிதத்தை அச்சிட்டு, கையொப்பமிட்டு, மறுபடி ஸ்கேன் செய்யும் கோயில் குழுக்கள் உண்டு; இதனால் சிறிய எழுத்துக் கோப்பு பெரிய படமாகிவிடுகிறது. யுனிகோட் தமிழில், யுடிஎப்-8 முறையில் ‘மலாக்கா’ என்ற சொல்லுக்கு 21 பைட்டே. பக்கம் முழுவதும் சில கிலோபைட்டில் அடங்கும். தேவையான எழுத்துருக்களை மட்டும் பொதித்து நேரடியாகப் பிடிஎப் ஆக்கினால் கோப்பு சிறுக்கும், எவ்வளவு பெருக்கிப் பார்த்தாலும் மெய்யெழுத்தின் புள்ளி கரையாமல் நிற்கும்.