வீட்டில் டயாலிசிஸ், போனில் டாக்டர்: ஊரடங்குக் காலக் கதையும் அதற்கு முந்தைய அறுபது வருடமும்

2020 ஏப்ரல். ஊரடங்கு ஆரம்பித்து இரண்டு வாரம் இருக்கும். எனக்குக் கேஷுவாலிட்டியில் நைட் டூட்டி. ராத்திரி ஒரு மணி வாக்கில் ஒரு பால் வண்டி வந்து நின்றது. அதிலிருந்து ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவரை இறக்கினார்கள். படுக்க வைக்க முடியவில்லை. உட்கார்ந்தபடியே மூச்சு வாங்குகிறார். வாரம் 2 முறை டயாலிசிஸ் செய்துகொள்பவர். பஸ் இல்லை, ஆட்டோ இல்லை, பாஸ் எங்கே வாங்குவது என்றும் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. மூன்று முறை தவறிப்போய்விட்டது. நுரையீரல் முழுக்க நீர்.

டெக்னீஷியனை வீட்டிலிருந்து வரவழைத்து டயாலிசிஸ் செய்ததில் அன்று பிழைத்துக்கொண்டார்.

அதே வாரம் எனக்குப் பள்ளியில் கணக்கு எடுத்த சாரிடமிருந்து போன். அவருக்கும் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து மூன்று வருடம் ஆகிறது. ஆனால் அவர் வீட்டிலேயே வயிற்று வழியாக டயாலிசிஸ் செய்துகொள்பவர். "தம்பி, ரெண்டு நாளா கால் லேசா வீங்குது. வெயிட் ரெண்டு கிலோ ஏறியிருக்கு. சிட்டிக்குப் போக வழியில்ல. எங்க டாக்டர்கிட்ட போன்ல பேசிட்டேன், ஒரு பையை மட்டும் ஸ்ட்ராங்கா மாத்தச் சொல்லியிருக்கார். நீயும் சரிதானான்னு சொல்லு" என்றார்.

வெளியே வருகிற தண்ணீர் கலங்கலாக இருக்கிறதா சார் என்று கேட்டேன். "இல்லப்பா. பையை பேப்பர் மேல வெச்சுப் பார்த்துட்டேன். ராசிபலன் வரைக்கும் தெளிவா படிக்க முடியுது" என்றார். அந்தப் பரிசோதனையை நான் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன், உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரே நோய், ஒரே வாரம், ஒரே மாவட்டம். ஒருவர் பால் வண்டியில் வந்தார். இன்னொருவர் வீட்டுத் திண்ணையில் இருந்தபடியே சரியானார். இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க. நான் நெப்ராலஜிஸ்ட் இல்லை, எம்பிபிஎஸ் படித்த அரசு மருத்துவர். தப்பு இருந்தால் மூத்தவர்கள் திருத்துங்க.

முதலில் அடிப்படை. டயாலிசிஸ் இரண்டு வகை. ரத்தத்தை வெளியே எடுத்து மெஷினில் சுத்தம் செய்து திருப்பி அனுப்புவது ஹீமோ டயாலிசிஸ். நம் ஊரில் பெரும்பாலும் நீங்கள் பார்ப்பது இதுதான். இன்னொன்று, வயிற்றுக்குள் குடலைச் சுற்றியிருக்கும் பெரிட்டோனியம் என்ற சவ்வையே வடிகட்டியாகப் பயன்படுத்துவது. ஒரு மெல்லிய குழாய் வழியாக சுமார் 2 லிட்டர் குளுக்கோஸ் கலந்த திரவத்தை உள்ளே விட்டு, சில மணி நேரம் கழித்து வடித்துவிட்டு, புதுத் திரவம் விட வேண்டும். ஒரு நாளைக்கு 3 அல்லது 4 தடவை. இதற்குப் பெயர் சிஏபிடி. மெஷினும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். சுத்தமான கையும் ஒரு மூலையும் போதும்.

இப்போ 1960-க்குப் போவோம். அமெரிக்காவின் சியாட்டில் நகரம். அதுவரை டயாலிசிஸ் என்றால் சில நாள், சில வாரம்தான். ஒவ்வொரு முறையும் புது ரத்தக்குழாயைக் குத்த வேண்டும், குத்த இடம் தீர்ந்தால் கதை முடிந்தது. பெல்டிங் ஸ்க்ரிப்னர் என்ற டாக்டர் டெஃப்லான் குழாயை வளைத்து, தமனியையும் சிரையையும் கைக்கு வெளியே நிரந்தரமாக இணைத்தார். அந்த மார்ச் மாதம் முதல் ஆளாக அதைப் பொருத்திக்கொண்ட க்ளைட் ஷீல்ட்ஸ் என்ற மெஷினிஸ்ட் அதன்பின் 11 வருடம் வாழ்ந்தார்.

இதில்தான் சிக்கலும் வந்தது. சாகவேண்டியவர் சாகவில்லை என்றால் எல்லோரும் கேட்பார்கள் இல்லையா? மெஷினோ சிலதுதான். யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய ஒரு கமிட்டி போட்டார்கள். ஒரு வக்கீல், ஒரு பாதிரியார், ஒரு வங்கிக்காரர், ஒரு இல்லத்தரசி, ஒரு அரசு அதிகாரி, ஒரு தொழிற்சங்கத் தலைவர், ஒரு சர்ஜன். ஏழு பேர். இவர் பிழைக்கலாம், அவர் வேண்டாம் என்று அவர்கள் சொன்னார்கள். 1962-ல் லைஃப் பத்திரிகை இதை எழுதியபோது அமெரிக்காவே அதிர்ந்தது.

அந்தக் கமிட்டி ஏற்காதவர்களில் ஒரு பள்ளி மாணவியும் உண்டு. வயது போதாது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அணுசக்திப் பொறியியல் பேராசிரியர் ஆல்பர்ட் பாப் என்பவரும் அவருடைய குழுவும் சில மாதத்தில் ஒரு சின்ன மெஷினைக் கட்டி முடித்தார்கள். ஏதாவது தப்பு நடந்தால் தானே அலாரம் அடிக்கும். 1964-ல் அது அந்தப் பெண்ணின் வீட்டுக்கே போனது. இயக்கியது யார் தெரியுமா? அவளுடைய அம்மா. பயிற்சி கொடுத்து அவரிடமே விட்டார்கள்.

வீட்டு டயாலிசிஸ் ஏதோ சொகுசுக்காகப் பிறந்தது இல்லை என்பதை இங்கே கவனியுங்க. ஆஸ்பத்திரியில் இடம் இல்லாததால் பிறந்தது. அந்த இடத்தில் டாக்டர்கள் எடுத்த முடிவு ரொம்பப் பெரியது: ரத்தத்தோடு புழங்கும் மெஷினை ஒரு சாதாரண வீட்டு மனுஷியை நம்பிக் கொடுப்பது.

அடுத்த திருப்பம் 1976, டெக்சாஸின் ஆஸ்டின் நகரம். பொபோவிச் என்ற இன்ஜினியரும் மான்கிரீஃப் என்ற டாக்டரும் கணக்குப் போட்டார்கள். ஒரு நாளைக்கு 5 முறை 2 லிட்டர் திரவம் மாற்றினால் மெஷினே இல்லாமல் ஒருவரை உயிரோடு வைத்திருக்கலாம் என்றது கணக்கு. அவர்கள் அனுப்பிய ஆய்வுச் சுருக்கத்தை மாநாட்டுக்காரர்கள் நிராகரித்துவிட்டார்கள். அப்போது திரவம் கண்ணாடி பாட்டிலில் வந்தது, தொற்றும் அதிகம். பிறகு டொராண்டோவில் ஒரியோபுலோஸ் குழு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்ததும்தான் இது உலகம் முழுக்கப் பரவியது. எங்கள் கணக்கு சாரின் கையில் இருந்த பை அந்த வம்சம்தான். ஹாங்காங் 1985-லும் தாய்லாந்து 2008-லும் இதையே முதல் சிகிச்சையாக அறிவித்தன. தாய்லாந்தில் தபால் துறையே பைகளை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அமெரிக்காவில் மட்டும் கதை தலைகீழ். 1972-ல் சட்டம் போட்டு, 1973 முதல் டயாலிசிஸ் செலவை மெடிகேர் ஏற்றது. நல்ல விஷயம், கமிட்டி தேவையே இல்லாமல் போனது. அப்போது சுமார் 40 சதவீதம் பேர் வீட்டில் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தார்கள். காசு சென்டருக்கு வர ஆரம்பித்ததும் தெருவுக்குத் தெரு சென்டர் முளைத்தது. கொரோனாவுக்கு முன் வீட்டில் செய்பவர்கள் பத்தில் ஒருவர் சொச்சம்தான்.

இப்போ போன் விஷயத்துக்கு வருவோம். வீட்டில் செய்பவரும் மாதம் ஒருமுறை டாக்டரைப் பார்க்க வேண்டும். வீடியோவில் பார்த்தால் என்ன? பல வருடம் மெடிகேர் விதிப்படி வீடியோ ஆலோசனைக்குப் பணம் தர, நோயாளி கிராமப்புறத்தில் உள்ள அங்கீகரிக்கப்பட்ட ஆஸ்பத்திரி மாதிரி ஓர் இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். வீடு அந்தப் பட்டியலில் இல்லை. வீட்டில் வைத்தியம் செய்துகொள்பவர் டாக்டரை ஸ்கிரீனில் பார்க்க வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும்! சிரிப்பாத்தான் இருக்கு, ஆனா விதி அது. 2018-ல் சட்டத்தைத் திருத்தி, 2019 ஜனவரி முதல் வீட்டையும் சேர்த்தார்கள். அதிலும் முதல் 3 மாதம் மாதாமாதம் நேரில் வரணும், பிறகு 3 மாதத்துக்கு ஒருமுறை வரணும் என்று நிபந்தனை.

அப்புறம் கொரோனா. வூஹானின் ரென்மின் ஆஸ்பத்திரி டயாலிசிஸ் பிரிவில் 230 நோயாளிகளில் 37 பேருக்கு பிப்ரவரி நடுப்பகுதிக்குள் தொற்று. ஒரே ஹாலில் வரிசையாகப் படுத்து 4 மணி நேரம், வாரம் 3 முறை. வேறு என்ன நடக்கும்? "வீட்டிலேயே இருங்கள்" என்று உலகமே சொன்னபோது இவர்களால் மட்டும் இருக்க முடியவில்லை. 2020 மார்ச்சில் அமெரிக்கா அந்த நேரில் வரும் நிபந்தனைகளைத் தளர்த்தியது. பல வருடம் விவாதித்தது சில வாரத்தில் நடந்தது. சைக்ளர் என்ற இரவு நேர மெஷின் வைத்திருந்தவர்களின் விவரம், எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு வெளியே வந்தது என்று இணையம் வழியாகவே டாக்டர் மேசைக்கு வந்தது.

நம் நாட்டிலும் அதே மார்ச்தான். அதற்கு முன் போனில் மருந்து சொல்ல டாக்டர்களுக்குப் பயம். தெளிவான விதி இல்லை. 2018-ல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் அப்படி ஒரு வழக்கு வந்தபிறகு பயம் இன்னும் கூடியது. 2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவிப்பு. மறுநாள் மார்ச் 25-ம் தேதியே தொலை மருத்துவ வழிகாட்டு நெறிமுறைகள் வெளியாகின. ஏற்கெனவே பார்த்த நோயாளிக்கு போனிலேயே மருந்தை மாற்றலாம் என்பது எழுத்தில் வந்தது. ஏப்ரலில் இ-சஞ்சீவனி ஓபிடி தொடங்கியது, ஆரம்ப மாதங்களில் அதை அதிகம் பயன்படுத்திய மாநிலங்களில் தமிழ்நாடு முன்னால் நின்றது. எங்கள் சாருடைய டாக்டர் தயங்காமல் பையை மாற்றச் சொன்னதற்குப் பின்னால் இந்தத் தாள்களும் உண்டு.

ஆனால் என் பால் வண்டி நோயாளிக்கு இதில் எதுவும் உதவவில்லை. யோசிச்சுப் பாருங்க, போனில் ரத்தத்தைச் சுத்தம் செய்ய முடியாது. ஊரடங்கு பற்றி நாடு முழுக்க 19 ஆஸ்பத்திரிகளில் 2,517 ஹீமோ டயாலிசிஸ் நோயாளிகளிடம் எடுத்த கணக்கு ஒன்று இருக்கிறது. 710 பேர் ஒரு முறையாவது டயாலிசிஸைத் தவறவிட்டார்கள். 69 பேருக்கு அவசர டயாலிசிஸ். 9 பேர் இறந்தது உறுதியானது. 104 பேர் அதன்பின் டயாலிசிஸுக்கு வரவேயில்லை. அந்த 104-ஐ ஒருமுறை திரும்பப் படிங்க.

சார் விஷயத்தில் போன் ஏன் வேலை செய்தது? போனுக்கு அந்தப் பக்கம் விஷயம் தெரிந்த ஒரு ஆள் இருந்தார். சிஏபிடி தொடங்கும்போதே நர்ஸ் உட்கார வைத்துப் பயிற்சி கொடுத்திருந்தார். தினமும் ஒரு நோட்டில் வெயிட், பிபி, உள்ளே விட்ட அளவு, வெளியே வந்த அளவு எழுதுவார். திரவத்தில் குளுக்கோஸ் 1.5, 2.5, 4.25 சதவீதம் என்று மூன்று வகை. அளவு கூடக் கூட உடம்பிலிருந்து அதிக நீரை இழுக்கும். நோட்டில் உள்ள நான்கு எண்களைப் போனில் படித்தால், எந்தப் பை என்று டாக்டர் முடிவு செய்யலாம். அந்த எண்கள் இல்லாமல் "நல்லா இருக்கேன் டாக்டர்" என்று மட்டும் சொன்னால் வீடியோ எவ்வளவு தெளிவாக இருந்தும் பிரயோஜனம் இல்லை. அறுபது வருடம் முன்னால் அந்த அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்ததும் இதைத்தான்.

குறையும் சொல்லணும். ரத்தப் பரிசோதனைக்கு யாராவது வீட்டுக்கு வர வேண்டும். குழாய் பொருத்த ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். ஸ்மார்ட்போன் மகனிடம், மகன் வெளியூரில் என்றால் வாட்ஸப்பும் இல்லை. பை தீர்ந்துவிட்டால் எந்த ஆலோசனையும் உதவாது. இந்தக் கடைசிக் குறைக்கு இங்கே ஒரு பதில் வந்தது. 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் சர்க்கரை, பிபி மாத்திரைகளோடு சிஏபிடி பைகளை வீட்டில் கொண்டுவந்து தருவதும் சேர்க்கப்பட்டது.

உங்கள் வீட்டில் யாராவது டயாலிசிஸில் இருந்தால் அடுத்த முறை டாக்டரிடம் ஒன்று கேளுங்க: "இவருக்கு சிஏபிடி ஒத்துவருமா?" எல்லோருக்கும் ஒத்துவராது. வயிற்றில் பெரிய ஆபரேஷன் நடந்தவர்கள், கண் பார்வை குறைந்து உதவிக்கும் ஆள் இல்லாதவர்கள் என்று பல கணக்கு உண்டு. ஏற்கெனவே சிஏபிடி செய்பவர் என்றால், வெளியே வந்த பையைத் தினமும் பேப்பர் மேல் வைத்துப் பாருங்க. எழுத்து மங்கலாகத் தெரிந்தாலோ வயிறு வலித்தாலோ போட்டோ அனுப்பிக் காத்திருக்க வேண்டாம், அந்தப் பையையும் கையில் எடுத்துக்கொண்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்க.

பால் வண்டியில் வந்தவர் அந்த ஊரடங்கு முடியும்வரை 108-ல் வந்துபோனார். டிரைவர் நம்பரை அவர் மனைவி காலண்டர் அட்டையில் பெரிதாக எழுதி வைத்திருந்தார். சாரின் நோட்டு இப்போது ஆறாவது நோட்டு.